குறியில் நின்ற லாரி

ஏழு வருடத்தில் முப்பத்தொரு ராக்கெட் விட்டோம். ஒன்றுகூட அந்த லாரியைத் தொடவில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த லாரிதான் எங்கள் குறி. என்ஜினைக் கழற்றிய பழைய லாரி ஒன்றை மணல்வெளியின் நடுவில் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தி, அதன் கூரையில் வெள்ளைப் பெயின்டால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தோம். அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து ஏவினால் ராக்கெட் அங்கே போய் விழ வேண்டும். ஒன்று கிழக்கே விழும், அடுத்தது மேற்கே விழும். ஒன்று லாரியைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போய் உப்புச் சேற்றில் புதைந்துகொண்டது. இரண்டு நாள் தோண்டியும் வால் மட்டும்தான் கிடைத்தது.

வழிகாட்டும் கருவியை வெளிநாட்டில் வாங்கலாம் என்றால், வைத்திருக்கிறவர்கள் விற்கமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். அப்படியானால் நாமே செய்துகொள்வோம் என்று மேலிடத்தில் யாரோ மேசையைத் தட்டிச் சொல்லப்போய், அந்தச் சத்தம் படிப்படியாக இறங்கி எங்கள் கொட்டகை வரை வந்து சேர்ந்தது. நான் அங்கே ஃபிட்டர். ராக்கெட்டின் மூக்கைப் பூட்டுவது என் வேலை. மூக்குக்குள்ளே திசை பார்க்கும் கருவி. வெளியே உள்ளங்கை அகலத்தில் நாலு சிறகு. பறக்கும்போது வழி தவறினால் அந்தச் சிறகுகள் சாய்ந்து ராக்கெட்டைக் குறியின் பக்கம் திருப்ப வேண்டும். சொல்வதற்கு ஒரு வரிதான்.

விழுந்த ராக்கெட்டைத் தேடிப்பிடித்து, குறியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி விழுந்தது என்று அளந்து வயர்லெஸ்ஸில் சொல்கிற வேலை என் தங்கை வீட்டுக்காரருடையது. எப்போது பார்த்தாலும் கையில் டேப்போடு திரிவார் என்பதால் அலுவலகம் முழுக்க அவருக்கு டேப்பு என்றே பெயர். எனக்கு மாப்பிள்ளை. நானே பார்த்து, நானே விசாரித்து, நானே முன்னால் நின்று கட்டிவைத்த மாப்பிள்ளை. அதனால் அவர் வாயைத் தாங்கிக்கொள்ள வேண்டியதும் என் தலையெழுத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கை வீட்டில் எனக்குச் சாப்பாடு. உட்கார்ந்த உடனே ஆரம்பித்துவிடுவார். "அம்பது மீட்டர் டேப்பு குடுத்திருக்காங்க மச்சான். உங்க ராக்கெட்டுக்கு இது எந்த மூலைக்கு? நான் ஜீப்பு மீட்டரைப் பாத்துத்தான் அளக்கறேன்." தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். அதை அவரும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

ஒரு தடவை, விழுந்த மூக்கு ஒன்றைப் பொறுக்கி வர நானே மணல்வெளிக்குப் போனேன். ஏவுகிற நேரத்தில் அவரும், ஜீப் டிரைவரும், படம் எடுக்கிறவரும் லாரியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கான்கிரீட் அறைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அறைக்கு ஜன்னல் என்று பேருக்கு ஒரு பிளவு. உள்ளே உட்கார்ந்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. டிரைவரும் படம் எடுக்கிறவரும் மட்டும்தான் அங்கே இருந்தார்கள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் டிரைவர் சிரித்துக்கொண்டு லாரிப் பக்கம் கையைக் காட்டினார்.

லாரிக்குள் மனிதர் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தார். டிரைவர் சீட்டில் தலையணை. கதவுக் கண்ணாடி இருந்த இடத்தில் கட்டம்போட்ட திரை. தங்கை ஜன்னலுக்குத் தைத்ததில் மிஞ்சிய துணி அது. தண்ணீர் கேன், பிளாஸ்க், பாதி முடித்த குறுக்கெழுத்து. ஏவுவதற்கு முந்தின மணி நேரத்தில் கூரையில் மணல் மூடிய குறியைத் துடைக்க அவர் பைக்கில் வருவார். வந்தவர் திரும்பிப் போவதில்லை. அங்கிருந்தபடியே கையிலிருக்கும் வயர்லெஸ்ஸில் மூன்று பேரும் அறைக்குள் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார். அந்த மணலில் பத்து கிலோமீட்டருக்கு உட்காரத் தகுந்த நிழல் என்று ஒன்று இருந்தது லாரிக்குள் மட்டும்தான்.

என்ன விளையாட்டு இது என்று சத்தம் போட்டேன். அவர் பிளாஸ்க்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"இந்த மணல்லயே பத்திரமான இடம் இதுதான் மச்சான். நீங்க குறி வைக்கற இடமாச்சே."

நான் டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். அவர் பின்னாலேயே ஓடிவந்து, தங்கையிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம், அவள் பயப்படுவாள் என்று கெஞ்சினார். நான் சொல்லவில்லை. மேலதிகாரியிடமும் சொல்லவில்லை. வீட்டு மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது உண்மைதான் என்று எனக்கும் தோன்றியது.

சிறகு வைத்த ராக்கெட்டுகள் வந்த பிறகு அவருடைய கேலி எல்லை மீறிப்போயிற்று. சிறகு இல்லாமல் விட்டவை ஐந்நூறு, அறுநூறு மீட்டர் தள்ளி விழுந்துகொண்டிருந்தன. சிறகு வைத்து விட்ட மூன்றும் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழுந்தன. இரண்டு வருட உழைப்பு. நாங்கள் பழியைத் தூக்கிக் காற்றின் தலையில் போட்டோம். மாப்பிள்ளை விடவில்லை.

"வழி தெரியாத ராக்கெட்டே தேவலாம் மச்சான். வழி தெரிஞ்சதுதான் குறியைப் பாத்தாலே ஓடுது."

அன்றைக்கு நான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினேன்.

முப்பத்திரண்டாவது ராக்கெட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. சிறகுச் சோதனை. ராக்கெட் நீளமாகத் தாங்கியில் கிடக்கும். கணக்கு மேடம் கம்ப்யூட்டரில் உத்தரவு கொடுப்பார். ராக்கெட் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுதியது முழுக்க அந்த அம்மாதான். கொட்டகையில் எல்லோருக்கும் அவர் கணக்கு மேடம். சிறகு மூக்கில் இருக்கிறது, வயரும் மூக்கில் இருக்கிறது என்பதால் நாங்கள் எல்லோரும் மூக்குக்கு எதிரில்தான் நிற்போம். அவர் "இடது" என்பார், சிறகு சாயும், நான் "இடது சரி" என்று தாளில் குறிப்பேன். இரண்டு வருடமாக இப்படித்தான்.

அன்று என் கையிலிருந்து ஒரு வாஷர் நழுவி, உருண்டு வால் பக்கம் ஓடியது. நான் குனிந்து தேடிக்கொண்டே பின்னால் போனேன். தரையோடு தரையாகப் படுத்து, கண்ணுக்கு நேரே ராக்கெட்டின் முதுகு நீண்டு தெரிய, தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது மேடம் "இடது" என்றார். சிறகு வலது பக்கம் திருப்பும்படி சாய்ந்தது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மறுபடியும் வலது. மேடத்தைப் பின்னால் வந்து என் பக்கத்தில் தரையில் உட்காரச் சொன்னேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ராக்கெட் போகிற திசையைப் பார்த்து, அதன் வாலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு அவர் கணக்கு எழுதியிருந்தார். நாங்கள் எதிரில் நின்று, எங்கள் இடது கைப் பக்கத்தை இடது என்று வைத்துக்கொண்டு சிறகுக்கு நம்பர் போட்டு வயரைப் பூட்டியிருந்தோம். அவரவர் நின்ற இடத்தில் அவரவர் சரி. ராக்கெட் குறியை விட்டு ஒரு அடி விலகினால், இன்னும் பத்து அடி விலகு என்று நாங்களே அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

குறியைப் பார்த்தாலே ஓடுது. மாப்பிள்ளை கேலியாகச் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இரண்டு இணைப்புகளை மாற்றிப் பூட்ட இருபது நிமிடம் ஆயிற்று. இயக்குநர் வந்து பார்த்தார். இரண்டு வருடம் காற்றைத் திட்டிவிட்டு இப்போது இதைப் போய் வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும், திங்கட்கிழமை ஏவி முடியும் வரை இந்தப் பேச்சு கொட்டகையைத் தாண்டக் கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வழக்கம்போல ஆரம்பித்தார். நாளைக்கு ஜீப்பில் எத்தனை லிட்டர் பெட்ரோல் போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டார். நான் எதுவும் பேசவில்லை. அவர் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் இனித்தது. தண்ணீர் எடுக்கும் சாக்கில் அடுப்படிக்குப் போய்த் தங்கையிடம் மட்டும் மெல்லிய குரலில் சொன்னேன்: தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன், நான்தான் கண்டுபிடித்தேன், நாளைக்கு உன் வீட்டுக்காரர் வாயை அடைக்கப்போகிறேன். அவள் முகம் மலர்ந்தது. எனக்காக அப்படிச் சந்தோஷப்பட அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவரிடம் இப்போதே சொன்னால் என்ன என்று கேட்டாள்.

"வேண்டாம். அவரே அளந்து, அவர் வாயாலயே நம்பரைச் சொல்லணும். நீயும் மூச்சு விடாதே."

அவள் சரி என்று தலையாட்டினாள். எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

இயக்குநரின் கட்டளை ஒரு சாக்கு. தங்கையிடம் சொன்ன வாய்க்கு மாப்பிள்ளையிடம் சொல்லத் தெரியாதா? ஏழு வருடக் கேலிக்கு ஒரே நாளில் பதில் சொல்ல ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

திங்கள் காலை பத்து மணி. கட்டுப்பாட்டு அறையில் நானும் இருந்தேன். மூக்கைப் பூட்டியவன் என்பதால் சுவர் ஓரமாக நிற்க அனுமதி உண்டு. ஒவ்வொரு இடமாக வயர்லெஸ்ஸில் ஆள் கணக்குக் கேட்டார்கள். மாப்பிள்ளை குரல் வந்தது.

"அளவுக் குழு. மூணு பேரும் அறைக்குள்ளதான் இருக்கோம்."

பொய் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எத்தனையோ தடவை கேட்ட பொய். எப்போதும்போல எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தான் நான் இன்றுவரை என்னிடமே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரிசெய்துவிட்டேன் என்று தங்கையிடம் மார்தட்டிய ஆள் நான்தானே? அப்படியானால் அந்தக் குரலைக் கேட்டதும் ஏன் பாய்ந்துபோய் நிறுத்தவில்லை? நான் நினைத்திருந்தது இருநூறு மீட்டர். இரண்டு கிலோமீட்டர் இருநூறு மீட்டர் ஆகும், அதுவே பெரிய வெற்றி, மாப்பிள்ளை அசந்துபோவார் என்று நினைத்தேன். என் கையால் பூட்டிய ஒன்று நேராக அந்த லாரிக்கே போகும் என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

ராக்கெட் கிளம்பியது. திரையில் பச்சைக் கோடு வளைந்து ஏறி, உச்சியில் கொஞ்சம் வலது பக்கம் விலகியது. சிறகுகள் சாய்ந்தன. கோடு திரும்பியது. ஏழு வருடத்தில் முதல் தடவையாகத் திரும்பியது. யாரோ என் தோளை அழுத்தினார்கள். கோடு மெல்ல மெல்லக் குறியின் மேல் வந்து உட்கார்ந்து, அங்கேயே அணைந்துபோயிற்று.

அறையே எழுந்து நின்றது. கணக்கு மேடம் அழுதார். இயக்குநர் மைக்கைக் கையில் எடுத்து, "அளவுக் குழு, தூரம் சொல்லுங்க" என்றார்.

பதில் இல்லை.

டேப்புக்கே வாயடைத்துவிட்டது என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். நான் சுவரை விட்டு மைக்கின் பக்கம் நகர்ந்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது டிரைவரின் குரல் வந்தது.

"சார், அவரு இங்க இல்ல சார். லாரிகிட்ட போனவரு."

சோதனை ராக்கெட்டின் தலையில் வெடிமருந்து கிடையாது, கான்கிரீட்தான். அந்த எடை அந்த வேகத்தில் வந்து இறங்குவதற்கு வெடிமருந்து எதற்கு? லாரி கவிழ்ந்து, மணலில் பாதி மூடிக் கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் டிரைவரும் படம் எடுப்பவரும் கையாலேயே தோண்டி அவரை வெளியே எடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். மேலே அந்தக் கட்டம்போட்ட திரையைப் போர்த்தியிருந்தார்கள். அது முகத்தை மூடத்தான் போதுமாக இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

நினைவிருப்பது இதுதான். இயக்குநர் என் அருகில் வந்து நின்று, தயங்கித் தயங்கி, தூரத்தை எழுதியாக வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அளக்கிறவர் இறந்துவிட்டார், வேறு யார் அளப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தள்ளி நிறுத்தியிருந்த பைக்கின் பெட்டியிலிருந்து அவருடைய டேப்பை நான் எடுத்து வந்தேன். லாரி நின்ற இடத்தின் நடுவிலிருந்து குழியின் நடு வரைக்கும் பிடித்தேன். ஐம்பது மீட்டர் டேப்பு. நாலு மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் பத்திரிகையில் அந்த நம்பர் வந்தது. சொந்த முயற்சியில் செய்த ராக்கெட், அறுபது கிலோமீட்டரில் நாலு மீட்டர் என்று. மாப்பிள்ளையைப் பற்றி உள்பக்கத்தில், விதியை மீறி ஆபத்தான பகுதியில் இருந்த ஊழியர் ஒருவர் என்று மூன்று வரி. இரண்டும் உண்மைதான்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கை என்னை வரச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் இருந்தது. அவள் கையெழுத்தில், அடித்துத் திருத்தாமல் எழுதிய மனு. என் கணவர் ஒரு நாளும் விதியை மீறியவர் அல்ல. ஆள் இல்லாத சாலையிலும் பச்சை விளக்குக்குக் காத்து நிற்பவர். யாரோ அவரை அங்கே அனுப்பியிருக்கிறார்கள்; அனுப்பிவிட்டு அவர் மேலேயே பழியைப் போடுகிறார்கள். இப்படிப் போயிற்று அது. கீழே அவள் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தாள்.

"நீ அங்கயே வேலை செய்யறே. நீ போட்டாதான் நம்புவாங்க. அவரு பேரு இப்படிக் கெட்டுப்போக விடக் கூடாது அண்ணா."

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். போட்டிருந்தால் அவளுக்கு அவர் மேல் குறை இருந்திருக்காது, என் மேலும் இருந்திருக்காது. அவளுக்கென்று மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான், எனக்கும் அவள்தான். ஆனால் பேனா நகரவில்லை.

சொல்லிவிட்டேன். லாரியைப் பற்றி, தலையணையைப் பற்றி, அவள் தைத்ததில் மிஞ்சிய துணியைப் பற்றி, அவர் என்னிடம் கெஞ்சியதைப் பற்றி. இரண்டு வருடமாக எனக்குத் தெரியும் என்றேன். அன்று காலை அவர் குரலைக் கேட்டபோதும் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும் என்றேன். இருநூறு மீட்டர் என்று நினைத்தேன் என்பதையும் சொன்னேன். அது ஏதோ ஒரு சமாதானம் என்பதுபோல அதை இரண்டு தடவை சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். மேசை மேலிருந்த அவருடைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, அன்று காலையில் நடந்ததைச் சொன்னாள். ஷூ மாட்டிக்கொண்டே அவர் அவளிடம் கேட்டிருக்கிறார்: உங்க அண்ணன் நேத்து வாயே திறக்கலையே, என்னமோ இருக்கு, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?

"ஒண்ணும் இல்லைன்னுட்டேன். சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொன்னேன். நீ மூச்சு விடாதேன்னியே."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"லாரியைப் பத்தி நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ராக்கெட்டைப் பத்தி நான் அவருகிட்டச் சொல்லியிருப்பேன் அண்ணா."

மனுவை என் முன்னாலிருந்து எடுத்து, நாலாக மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினாள்.